சாதகம் பொருந்திட்டுது, பேந்தேன் கவுன்சிலிங்?

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயசு, கோண்டாவில் பக்கம், ரீச்சரா இருக்கிறன். தையில நிச்சயம் முடிஞ்சுது, வைகாசியில எழுத்து (விவாகப் பதிவு), ஆவணியில கலியாணம். அவர் வடமராட்சி ஆள், கொழும்பில எஞ்சினியர். பேசிச் செய்யிற கலியாணம்தான், ஆனா நிச்சயத்துக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போனில கதைக்கிறம். நல்லவர். நான் போன் எடுக்காட்டி சில நேரம் கோவிச்சு ரெண்டு மூண்டு நாள் கதைக்க மாட்டார், அது அன்பில வாறதுதானே. அவருக்குக் கீழ ரெண்டு தங்கச்சிமார், இன்னும் கலியாணம் ஒண்டும் சரிவரேல்லை. நாங்கள் இப்ப இருக்கிற வீட்டைத்தான் அப்பா எனக்குச் சீதனமா எழுதுறார். என்னோட படிப்பிக்கிற ஒரு வேதக்கார (கிறிஸ்தவ) ரீச்சர் தாங்கள் கலியாணத்துக்கு முதல் வகுப்புக்குப் போனது நல்ல உதவியா இருந்தது எண்டு சொன்னா. நாங்களும் ஒரு கவுன்சிலரிட்டப் போவமோ எண்டு வீட்டில கேட்டதுக்கு அம்மா, "சாதகம் எண்பது வீதம் பொருந்தியிருக்கு, உங்களுக்கென்ன விசரே, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சால் பெட்டைக்கு என்னவோ கிடக்கு எண்டு நினைப்பினம்" எண்டு பேசிப்போட்டா. அவரிட்டக் கேக்கவும் பயமா இருக்கு. உண்மையில போறதால பிரயோசனம் இருக்கோ? - பெயர் வேண்டாம், கோண்டாவில்

தங்கச்சி, பிரயோசனம் இருக்கு, போங்கோ. ஆனா ஆவணிக்கு முதல் போனால் சரிதானே எண்டு இருந்திடாதேங்கோ, வைகாசி எழுத்துக்கு முதல் போகவேணும், அது ஏனெண்டு கீழ சொல்லுறன்.

முதல் அம்மான்ர கதை. அவவில பெரிய பிழையில்லை. எங்கட ஊருக்குள்ள உளவளத்துணை, அதுதான் இந்தக் கவுன்சிலிங், பரவினது சண்டைக் காலத்தில, பேந்து 2004 சுனாமிக்குப் பிறகு இன்னும் கனக்க வந்தது. ஆக்களைப் பறிகுடுத்தவை, முகாமில இருந்தவை, நித்திரை இல்லாமத் திரிஞ்சவை, அவையோட கதைக்கத்தான் கவுன்சிலர்மார் வீடு வீடாப் போனவை. அதைப் பாத்த அம்மாக்கு கூறைச்சீலை எடுக்கப் போற பிள்ளை ஏன் அங்க போறாள் எண்டு தோணுறது நியாயம்தான். ஆனா இதே யாழ்ப்பாணத்தில குருநகரிலயும் பாசையூரிலயும் இளவாலையிலயும் கத்தோலிக்கப் பிள்ளையள் திருமண ஆயத்த வகுப்பு முடிச்சுத்தான் கலியாணம் கட்டுகினம், சுவாமியாரே கேப்பார் வகுப்புக்குப் போனியளோ எண்டு, அவையை ஒருத்தரும் விசர் எண்டு சொல்லுறேல்லை. எங்கட சைவக் கோயிலால அப்பிடி ஒரு ஒழுங்கு வரேல்லை, அவ்வளவுதான். அம்மாட்ட இதைச் சொல்லிப் பாருங்கோ, "அந்த ரீச்சர் போனது மாதிரி ஒரு வகுப்பு" எண்டு சொன்னால் அவ்வளவு பதற மாட்டா.

சாதகம் பாக்க வேண்டாம் எண்டு நான் சொல்ல வரேல்லை. (வாக்கிய பஞ்சாங்கத்தில பொருந்தினது திருக்கணித பஞ்சாங்கத்தில பொருந்தாமப் போய் சாத்திரியாரையே மாத்தின வீடுகளும் இருக்கு, அதை விடுவம்.) எங்கட ஆக்கள் கலியாணத்துக்கு முதல் நல்லா விசாரிக்கிற ஆக்கள், காணி எத்தினை பரப்பு, நகை எத்தினை பவுண், டொனேசன் (மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுக்கிற காசு) எவ்வளவு, வெளிநாட்டில ஆர் இருக்கினம், பரம்பரையில வருத்தம் ஏதும் இருக்கோ, பொடியன் குடிக்கிறவனோ எண்டு சந்திக் கடை வரைக்கும் போய்க் கேப்பினம். எல்லாத்தையும் கேக்கிறது பெரியாக்கள், மறுமொழி சொல்லுறதும் பெரியாக்கள். கட்டப்போற ரெண்டு பேரும் இரவு பத்து மணிக்குப் போனை எடுத்து "சாப்பிட்டியளோ" எண்டு தொடங்கி என்ன படம் பாத்தது, ஹனிமூன் எங்க போறது, போட்டோக்கு ஆரைப் பிடிக்கிறது எண்டு முடிப்பினம். மாசக்கணக்கா ஒவ்வொரு நாளும் கதைச்சும் முக்கியமான ஒண்டையும் கதைச்சிருக்க மாட்டினம். கவுன்சிலிங்கில நடக்கிறது அதைக் கதைக்க வைக்கிறதுதான். உங்கள் ரெண்டு பேருக்கும் பொருந்துமோ பொருந்தாதோ எண்டு கவுன்சிலர்மார் நாங்கள் மார்க் போடுறேல்லை.

உங்கட கடிதத்தையே எடுப்பம். அதில ஒரு விசயம் எழுதவேயில்லை, ஆவணிக்குப் பிறகு எங்க இருக்கப் போறியள்? அவர் கொழும்பு, நீங்கள் வட மாகாணத்தில ரீச்சர். மாகாணம் விட்டு மாகாணம் மாற்றம் எடுக்கிறது எவ்வளவு இழுபாடு எண்டு உங்கட ஸ்டாஃப் ரூமிலயே கதை கதையாச் சொல்லுவினம். அவர் தன்ர மனசுக்குள்ள "அவ வேலையை விட்டிட்டு வருவா" எண்டு நினைச்சிருக்கலாம், நீங்கள் "ரெண்டு வருசத்தில இவர் இஞ்ச வந்திடுவார், சீதன வீடு இருக்குத்தானே" எண்டு நினைச்சிருக்கலாம், உங்கட அப்பா இது ரெண்டையும் யோசிக்காமல் மேல ஒரு அறை கட்ட சீமெந்துக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கலாம். மூண்டு பேரும் நல்ல ஆக்கள்தான். ஆனா ஐப்பசியில சண்டை வரும்.

அடுத்தது அந்த வீடு. இந்திய சீரியலில மாமியும் மருமகளும் ஒரு குசினிக்குள்ள நிண்டு சண்டை பிடிக்கிறதைப் பாத்து நாங்கள் எங்கட பிரச்சினையும் அதுதான் எண்டு நினைக்கிறம், ஆனா இஞ்ச வழமையா மாப்பிள்ளைதான் பெண் வீட்டை வாறது, அதால இஞ்சத்தைய பிணக்கு கனக்க நேரம் மாமனாருக்கும் மருமகனுக்கும், அதுவும் சத்தமில்லாமல் நடக்கும். வீட்டு உறுதிப் பத்திரம் மகளின்ர பேரில, ஆனா கேற்றுத் திறப்பு மாமாட்ட. மதிலை இடிச்சுக் கார் விட வழி எடுக்கிறது ஆர் முடிவு, கரண்ட் பில் ஆர் கட்டுறது, முத்தத்து மாமரத்தைத் தறிக்கலாமோ, அவற்ர அம்மா வந்து ஒரு மாசம் நிண்டால் எந்த அறை. சின்னன் சின்னன் எண்டு நினைப்பியள், என்னட்ட வாற ஆக்களில கனபேர் வாறது உந்தச் சின்னனுகளோடதான். அப்பா உறுதி எழுதேக்க தனக்கும் அம்மாக்கும் சீவிய உரித்து (உயிரோட இருக்குமட்டும் அந்த வீட்டில உள்ள உரிமை) வைச்சு எழுதுறாரோ இல்லையோ எண்டதை நீங்கள் ரெண்டு பேரும் எழுத்துக்கு முதல் தெரிஞ்சிருக்க வேணும். அப்பிடி வைக்கிறது நல்லது எண்டுதான் நான் நினைக்கிறன், வயசுபோன காலத்தில அவைக்கும் ஒரு பிடி வேணும்தானே, ஆனா அதை மாப்பிள்ளை பேந்து ஒரு நாள் நொத்தாரிசின்ர வாயால கேட்டு அறியிற மாதிரி வைக்காதேங்கோ.

சட்டமும் இருக்கு. நீங்கள் ரெண்டு பேரும் யாழ்ப்பாணத்து ஆக்கள், உங்கட சொத்துக்குத் தேசவழமைதான், அது யாழ்ப்பாணத்துத் தமிழரின்ர வழமைச் சட்டம். ஒல்லாந்தர் காலத்தில 1707ல எழுத்தில தொகுத்தது, பேந்து 1911ல ஒரு கட்டளைச் சட்டம் வந்தது, 1947ல அதைத் திருத்தினவை. சீதனம் உங்கட தனிச் சொத்துத்தான், ஆனா கலியாணம் கட்டின பெண் தன்ர காணி வீட்டை விக்கிறதெண்டால் புருசன் எழுத்தில சம்மதம் தரவேணும் எண்டு 1911 சட்டத்தில இருக்கு, மரண சாசனம் எழுதுறதுக்கு மட்டும் அது தேவையில்லை. அவர் காரணமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்க் கேக்கலாம். கட்டினாப் பிறகு உழைச்சு வேண்டுற சொத்து தேடிய தேட்டம், அதில ரெண்டு பேருக்கும் பங்கு. உங்கட வீட்டுக்கு உது எப்பிடிப் பொருந்தும் எண்டதை ஒரு சட்டத்தரணியிட்ட ஒரு தரம் இருந்து கேளுங்கோ. நான் பாத்த மட்டில பெண் பிள்ளையள் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியிறது வீட்டை ஈடு வைக்கப் போற நாளிலதான்.

காசுக் கதையைச் சுருக்கமாச் சொல்லுறன். ரெண்டு தங்கச்சிமாருக்கும் தான்தான் கலியாணம் செய்து குடுக்க வேணும் எண்டு அவர் நினைப்பார், மூத்த பொடியன், அது நல்ல குணம், அதில நீங்கள் கை வைக்காதேங்கோ. ஆனா டொனேசன் காசு அதுக்குத்தான் போகுதோ, அதுக்கு மேலயும் அவற்ர சம்பளத்தில மாசம் மாசம் போகுமோ, எத்தினை வருசத்துக்கு, லோன் எடுத்தால் ஆற்ற பேரில, உங்கட தாலிக்கொடி அடைவுக்குப் போற நிலை வருமோ, இதெல்லாம் கேக்க வேணும். நான் செய்யிறது என்னெண்டால் ரெண்டு பேரையும் வேற வேற மேசையில இருத்தி ஒரு பேப்பரில சம்பளம், கடன், சீட்டு, அடைவு, வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் எழுதச் சொல்லி, பேந்து மாத்திக் குடுத்து வாசிக்கச் சொல்லுவன். முதல் அஞ்சு நிமிசம் ஒருத்தரும் கதைக்க மாட்டினம். பிறகு நல்லாக் கதைப்பினம்.

இப்ப நீங்கள் ஒரு வரியில சொல்லிப்போட்டுக் கடந்து போன விசயம். போன் எடுக்காட்டிக் கோவிக்கிறார், ரெண்டு மூண்டு நாள் கதைக்க மாட்டார், "அது அன்பில வாறதுதானே" எண்டு என்னட்டக் கேக்கிறியள். உங்கள் ரெண்டு பேரையும் காணாமல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டன். தூரத்தில இருக்கிற பொடியன், பயம், ஏக்கம், அப்பிடியும் இருக்கலாம். ஆனா நான் உங்களைத் தனிய இருத்திக் கேக்கிற கேள்வியளை இஞ்சயே கேக்கிறன். அந்த ரெண்டு மூண்டு நாள் முடிஞ்சு ஆர் முதல் கதைக்கிறது, எப்பவும் நீங்களோ? நீங்கள் மன்னிப்புக் கேட்டால்தான் முடியுதோ? ஸ்ராஃப் மீற்றிங்கில இருந்தன் எண்டு சொன்னால் நம்புறாரோ, இல்லாட்டி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுறாரோ? வட்ஸப்பில ஒன்லைன் காட்டினது ஆரோட கதைச்சது எண்டு கேக்கிறாரோ? அவருக்குப் பயந்து நீங்கள் ஆரோடயாவது பழகிறதை நிப்பாட்டியிருக்கிறியளோ? இதுகளுக்கு "இல்லை, அவர் கோவிப்பார், பேந்து தானே எடுத்துக் கதைப்பார், சிரிப்பார்" எண்டது மறுமொழி எண்டால் அது ரெண்டு பேரும் பழகிப் பழகித் திருத்திற விசயம், கோவம் வரேக்க எப்பிடிச் சொல்லுறது, எவ்வளவு நேரம் விலகி இருந்திட்டுத் திரும்ப வாறது எண்டு பழக்கலாம், கவுன்சிலிங்கில சொல்லிக் குடுக்கிறதில ஆகப் பிரயோசனமான பகுதியே அதுதான். "ஓம், ஓம்" எண்டு மறுமொழி வந்தால் நிண்டு யோசியுங்கோ. கட்டுப்படுத்திற ஆக்கள் கலியாணத்துக்குப் பிறகு தன்ர பாட்டில மாறிப்போறதை நான் காணேல்லை, இறுகினதைத்தான் கண்டிருக்கிறன். பயமுறுத்திறது, கை நீட்டுறது எண்டு வந்தால் ரெண்டு பேரையும் ஒண்டா இருத்திக் கதைக்கிறது பாதுகாப்பும் இல்லை, அதுக்கு 2005ல வந்த வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு, 1938 எண்ட பெண்கள் உதவி இலக்கம் இருக்கு. உங்களுக்கு அது தேவைப்படும் எண்டு நான் சொல்லேல்லை, இலக்கம் தெரிஞ்சிருக்கட்டும்.

ஆராய்ச்சி ஏதும் இருக்கோ எண்டு அவர் கேப்பார், எஞ்சினியர்தானே. இருக்கு. 2006ல அமெரிக்காவில 4 மாநிலங்களில 3,000க்கு மேற்பட்ட ஆக்களிட்டக் கேட்டுச் செய்த ஆய்வில, கலியாணத்துக்கு முதல் இந்த மாதிரிப் பயிற்சிக்குப் போனவைக்கு விவாகரத்து வாய்ப்பு 31 வீதம் குறைவா இருந்தது. ஆனா நான் அதைக் காட்டி உங்களுக்கு யாவாரம் செய்ய மாட்டன், வகுப்புக்குப் போற ஆக்கள் ஏற்கனவே கொஞ்சம் பொறுப்பான ஆக்களாவும் இருக்கலாம், பிறகு வந்த ஆய்வுகளில பலன் அவ்வளவு பெரிசா வரேல்லை, கதைச்சுத் தீர்க்கிற பழக்கம் கூடுது எண்டதுதான் உறுதியா நிக்குது. எனக்கு அதுவே காணும். தம்பதியரை வருசக்கணக்கா ஆராய்ஞ்ச ஜோன் கொட்மன் எண்டவர் ரெண்டு பேருக்குள்ள வாற பிணக்குகளில 69 வீதம் முழுசாத் தீராது, திரும்பத் திரும்ப வரும் எண்டு சொல்லுறார். அப்ப எண்பது வீதம் பொருந்தின சோடிக்கும் தீராத பிணக்கு இருக்கத்தான் போகுது, அதை வைச்சுக்கொண்டு எப்பிடிக் கதைக்கிறது எண்டதுதான் பழக வேண்டியது. டெக்சாஸில 8 மணித்தியால வகுப்புக்குப் போற சோடிக்கு கலியாண லைசன்ஸ் காசில 60 டொலர் கழிக்கிறவை, மலேசியாவில முஸ்லிம் ஆக்களுக்கு வகுப்புக் கட்டாயம், இதுகளையும் அவருக்குச் சொல்லுங்கோ.

ரத்தப் பரிசோதனையும் ஒண்டு இருக்கு, இதுக்கு அம்மாவும் மறுக்க மாட்டா. தலசீமியா எண்ட பரம்பரை ரத்த நோயின்ர காவியோ, அதாவது நோய் இல்லாமலே அதைப் பிள்ளைக்குக் கடத்தக் கூடிய ஆளோ எண்டு ரெண்டு பேரும் பாருங்கோ, குருநாகல் அனுராதபுரப் பக்கம்தான் கூட எண்டு நினைச்சு இஞ்ச பாக்காமல் விட்டிடாதேங்கோ. ஒருத்தர் மட்டும் காவி எண்டால் பயமில்லை, ரெண்டு பேரும் காவி எண்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 வீதம் கடும் தலசீமியா வர வாய்ப்பு இருக்கு, சொந்தத்துக்குள்ள கட்டுற ஆக்கள் இன்னும் கவனமாப் பாக்க வேணும். ருபெல்லா (ஜேர்மன் சின்னமுத்து) ஊசி போட்டதோ எண்டும் பாருங்கோ, அது வயித்தில பிள்ளை வர முதலே போட வேண்டியது. உங்கட பகுதி மிட்வைஃபைக் கேட்டால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிசில எப்ப எண்டு சொல்லுவா.

இனி ஏன் வைகாசிக்கு முதல். எங்கட ஆக்களுக்குத் தாலி ஏறினால்தான் கலியாணம், எழுத்து எண்டது ஒரு பேப்பர் அலுவல், அதை வசதிக்கு முன்னாலயே முடிச்சு வைப்பம் எண்டு நினைப்பினம். சட்டத்துக்கு அப்பிடியில்லை. பதிவாளருக்கு முன்னால கையெழுத்து வைச்ச நிமிசத்தில இருந்து நீங்கள் புருசன் பெண்சாதி, தாலி கட்டாட்டியும் சேந்து ஒரு நாளும் இருக்காட்டியும் சரி. அதுக்குப் பிறகு மனம் மாறினால் விவாகரத்து வழக்குத்தான், எங்கட 1907 விவாகப் பதிவுச் சட்டத்தில சொல்லியிருக்கிற காரணங்கள் பிறரோட தொடுப்பு, வேணுமெண்டு கைவிட்டுப் போறது, கலியாணம் செய்யேக்கயே இருந்த மாறாத ஆண்மைக் குறைபாடு, இதுகள்தான். "ரெண்டு பேருக்கும் ஒத்துவரேல்லை, விடுங்கோ" எண்டு சொல்லி வரேலாது, ஆரோ ஒருத்தரில பிழை காட்ட வேணும். எழுத்து முடிச்சு தாலி கட்டாமல் நிண்டு வருசக்கணக்கா கோட்டுக்கு அலையிற பிள்ளையள் இருக்கினம். கவுன்சிலிங்குக்கு வந்து கதைச்சுப்போட்டு "இது வேண்டாம்" எண்டு முடிவெடுக்கிற சோடியளும் இருக்கினம், அவைக்கு அது தோல்வி எண்டு நான் நினைக்கிறேல்லை, ஆனா அந்த முடிவு எழுத்துக்கு முதல் எடுத்தால் வீட்டில ஒரு அழுகை, ஊரில ஒரு மாசக் கதை, அவ்வளவோட போகும்.

அவரிட்ட எப்பிடிக் கேக்கிறது? போனில இரவில கேக்காதேங்கோ, அவர் ஊருக்கு வரேக்க நேரில கேளுங்கோ. "எங்களுக்குள்ள பிரச்சினை இருக்கு" எண்டு தொடங்காமல், "கொழும்போ கோண்டாவிலோ எண்டு எனக்குக் குழப்பமாக் கிடக்கு, வீட்டுப் பெரியாக்கள் இல்லாமல் ஒருத்தரிட்ட இருந்து கதைப்பம், நாலு தரம்தான்" எண்டு கேளுங்கோ. வழமையா நாலு அஞ்சு தரம், ஒவ்வொரு தரமும் ஒண்டு ஒண்டரை மணித்தியாலம், முதல் ஒண்டாயும் பேந்து தனித்தனியாயும் கதைப்பம், அவர் கொழும்பில நிண்டால் சிலதை வீடியோவிலயும் செய்யலாம். பழைய காதல் கதையெல்லாம் கிண்டுவினமோ எண்டு ஆம்பிளையள் பயப்பிடுறவை, இது நீதிமன்றம் இல்லை, சொல்ல விரும்பாததைச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் தனியச் சொல்லுறதை நான் அவருக்குச் சொல்லவும் மாட்டன்.

காசு ஒரு தடையா இருந்தால் பிரதேச செயலகங்களில உளவளத்துணை உத்தியோகத்தர்மார் இருக்கினம், இலவசம். தெரிஞ்ச ஆக்கள் கண்டிடுவினம் எண்டு பயமெண்டால் உங்கட பகுதிச் செயலகத்துக்குப் போகாமல் வேற பகுதியில கேட்டுப் பாருங்கோ, இல்லாட்டி யாழ்ப்பாணத்தில சாந்திகம் மாதிரி கனகாலமா உளவளத்துணை செய்யிற இடங்கள் இருக்கு. ஆரிட்டப் போனாலும் முதல் நாளே கேளுங்கோ, சோடியளோட வேலை செய்து பழக்கமோ, எங்கட வீட்டுக்காரர் போன் பண்ணிக் கேட்டால் என்ன சொல்லுவியள் எண்டு. ரெண்டாவதுக்குத் தடுமாறினால் வேற ஆளைப் பாருங்கோ.

அவர் வரமாட்டன் எண்டு சொன்னால்? கொஞ்சப் பேர் முதல் அப்பிடித்தான் சொல்லுவினம், வெக்கம். ஒரு கிழமை விட்டு இன்னொருக்கா கேளுங்கோ. அப்பவும் இல்லை எண்டால் மேல எழுதின கேள்வியளைப் பேப்பரில எழுதி நீங்கள் ரெண்டு பேருமே இருந்து கதையுங்கோ, வீடு, வேலை, காசு, தங்கச்சிமார், பிள்ளை எப்ப, கோவம். அதுக்கும் கோவிச்சு ரெண்டு மூண்டு நாள் போன் எடுக்காமல் விட்டால் அப்பாட்டச் சொல்லி எழுத்தை ஆவணிக்குத் தள்ளுங்கோ, கலியாணத்தண்டே எழுதலாம், கனபேர் அப்பிடித்தான் செய்யினம். சாத்திரியார் எழுத்துக்கு நாள் குறிச்சுத் தந்திட்டார் எண்டு அப்பா சொல்லுவார், ஆவணியிலயும் நல்ல நாள் இருக்கு.